‘பழுதடைந்துள்ளது’ என்று எழுதினால் போதுமா? திருவான்மியூரில் ஒரு கட்டட ஆய்வுச் சேவை

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து சில தெருக்களே தள்ளி, 1980களின் இறுதியில் கட்டப்பட்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உறுதியை ஆராய்ந்து அறிக்கை தருவதற்காக, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நடத்தும் சிறிய நிறுவனத்தைக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் அமர்த்தினோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. கருவிகளைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் சொல்வேன். ஆனால் முதன்மையாகச் சொல்ல வேண்டியது அவர்களுடைய அறிக்கையின் சொற்களைப் பற்றித்தான். ஒரு கட்டடம் கெட்டுவருவதை எந்தச் சொல்லால் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே, அதற்கு எவ்வளவு செலவழிப்பது, எதை முதலில் செய்வது, பணம் கொடுக்க யார் ஒப்புக்கொள்வார் என்பதெல்லாம் முடிவாகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய அறிக்கை எங்கள் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. அதில் ‘பழுதடைந்துள்ளது’, ‘சிதிலமடைந்துள்ளது’, ‘மோசமான நிலையில் உள்ளது’ என்ற மூன்று தொடர்களே பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வருகின்றன. மொட்டை மாடியின் தட்டோடு பழுதடைந்துள்ளது. படிக்கட்டுக் கைப்பிடி பழுதடைந்துள்ளது. பால்கனியின் அடிப்பக்கம் பழுதடைந்துள்ளது. தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போனால் மழைநீர் ஒழுகும். கைப்பிடியின் பெயின்ட் உரிந்தால் பார்க்க நன்றாக இராது. பால்கனியின் கம்பி இற்றுப்போனால் கீழே நிற்பவரின் உயிர் போகும். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் எழுதிய அறிக்கையைப் பொதுக்குழுவில் படித்தபோது, ஒரு சாரார் “முப்பது வருஷமா இப்படித்தானே இருக்கு” என்றார்கள். இன்னொரு சாரார், கட்டடம் இடியப்போகிறது, விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றார்கள். இரு சாராரும் ஒரே வரியைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். முடிவு எதுவும் எடுக்கப்படாமல் அந்த ஆண்டு மழைக்காலமும் கடந்துபோயிற்று.

புதிய நிறுவனத்தின் அணுகுமுறை முதல் பக்கத்திலேயே வேறுபடுகிறது. தாங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களும் புதிதாகப் புனைந்தவையல்ல, கொத்தனார்களும் மேஸ்திரிகளும் நாள்தோறும் பேசுகிறவை. சுவரைத் தொட்டால் ஈரம் தெரிகிறது, ஆனால் பூச்சு இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றால் அது ஓதம். ஈரம் காய்ந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உப்புப் பூத்தல். பெயின்டும் பட்டியும் செதில் செதிலாக எழும்பினால் பொரிதல். பூச்சு சுவரைவிட்டு விலகி, தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் உப்பல். அது துண்டாகக் கீழே விழுந்திருந்தால் காரை பெயர்தல். கான்கிரீட்டும் சேர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிந்தால் அதற்குத் தனிச் சொல். அந்தக் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதற்கு மில்லிமீட்டர் அளவு. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போவதற்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பது தெளிவாக இருப்பதால், படிக்கிறவர் தம் வீட்டுச் சுவர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தாமே பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஆய்வு நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பொறியாளர் கையில் ஒரு சிறு சுத்தியல். உதவியாளர் கையில் சாக்பீஸ். பால்கனியின் அடிப்பக்கத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடம் ‘ணங்’ என்று ஒலித்தது. உப்பிய இடம் ‘டொக்’ என்றது. ஒலி மாறும் இடங்களையெல்லாம் உதவியாளர் கோடிட்டு இணைக்க, வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த கூரையில் ஒரு தீவின் வரைபடம்போலப் பரப்பு ஒன்று உருவாயிற்று. அதை டேப்பால் அளந்து சதுர அடியாக எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மூத்த பெண்மணி ஒருவர், “இந்தச் சுவர் ஊதிக்கிட்டே வருது சார்” என்று ஓரிடத்தைக் காட்டினார். “எப்பலேர்ந்தும்மா? போன மழைக்கு முன்னாடியே இருந்துச்சா?” என்று கேட்டார் பொறியாளர். “மிக்ஜாம் புயலுக்கு அப்புறம்தான் பார்த்தேன். மொதல்ல கைய வெச்சாதான் தெரியும். இப்போ தூரத்துலேர்ந்தே தெரியுது.” அவர் சொன்னது அறிக்கையில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது: ‘பூச்சு உப்பிவருகிறது, 2023 டிசம்பருக்குப் பின் வளர்ந்ததாகக் குடியிருப்பவர் தெரிவிக்கிறார்.’ வீட்டுக்காரரின் சொல்லை ஒரு சான்றாக மதித்து, காலத்தோடு பதிவுசெய்யும் வழக்கத்தை நான் வேறு எந்த ஆய்விலும் கண்டதில்லை.

அந்த வாக்கியத்தின் வினைமுற்றைக் கவனியுங்கள். ‘உப்பியுள்ளது’ என்று எழுதியிருந்தால் அது என்றோ நடந்து முடிந்த ஒன்றாகவும் இருக்கலாம், இன்றும் நடப்பதாகவும் இருக்கலாம். ‘உப்பிவருகிறது’ என்றால் நாளைக்கும் உப்பும். ‘உப்பிவிட்டது’ என்றால் இனி உப்புவதற்கு எதுவும் இல்லை, விழுவதுதான் மிச்சம். கெடுதல் நின்றுவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்தேவிட்டதா என்பதை ஒரு துணைவினையைக் கொண்டே நம் மொழியில் சொல்லிவிடலாம். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் வசதியை விட்டுவிட்டு, அலுவலகத் தமிழ் எல்லாவற்றையும் ‘உள்ளது’ என்று முடித்துவிடுகிறது. கட்டட அறிக்கையில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. ஏனெனில் கட்டடத்தில் கெடுதல் என்பது ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி இதை விளக்கும் இடம்தான். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, pH அளவில் 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே புகுந்து காரத்தை 9க்கும் கீழே இறக்கிவிடுகிறது. படிக்கட்டுத் தூண் ஒன்றில் சிறு துளையிட்டு, பொடியை ஊதித் தள்ளிவிட்டு, காரம் உள்ள இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார்கள். உட்புறம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. வெளிவிளிம்பில் ஒரு பட்டை மட்டும் நிறமேதும் இல்லாமல் நின்றது. அந்தப் பட்டையின் அகலம் 12 மி.மீ. கம்பியோ 25 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. இந்த ஊடுருவல் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே முன்னேறும், அதாவது இரு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம் பிடிக்கும் என்பதை எடுத்துச்சொல்லி, அந்தத் தூணைப் பற்றி ‘மெதுவாகிவருகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். கெடுவதுதான், ஆனால் கெடும் வேகம் குறைந்துகொண்டே போகும் கெடுதல். முந்தைய அறிக்கையில் இதே தூண் ‘மோசமான நிலை’ப் பட்டியலில் இருந்தது.

சன்ஷேடுகளின் கதை நேர்மாறானது. எங்கள் கட்டடம் எழுந்த காலத்தில் நடப்பிலிருந்த 1978ஆம் ஆண்டின் ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி, தளங்களில் கம்பிக்கு மேல் 15 மி.மீ. கான்கிரீட் மூடியிருந்தால் போதும். 2000ஆம் ஆண்டு வந்த திருத்தப்பட்ட விதியோ, கடற்காற்று நேரடியாகப் படும் கட்டடங்களுக்கு 45 மி.மீ. கேட்கிறது. 15 மி.மீ. மூடிய சன்ஷேட்டில் காரக் குறைவு கம்பிவரை எட்டியிருக்க வேண்டும். கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஈரமும் உப்பும் தாராளமாக நுழைகின்றன. துரு இன்னும் விரைகிறது. இங்கே அறிக்கை ‘விரைந்துவருகிறது’ என்று எழுதுகிறது. ஒரே கட்டடம், ஒரே வயது, ஒரே கடற்காற்று. இருந்தும் தூணுக்கு ஒரு சொல், சன்ஷேட்டுக்கு நேரெதிரான சொல். இரண்டுக்கும் பின்னால் அளவு இருக்கிறது.

கம்பியின் மெலிவைச் சொல்லும் இடத்தில் இன்னொரு நுட்பத்தைக் கண்டேன். காரை பெயர்ந்த ஒரு பால்கனியில், துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் கொண்டு அளந்தார்கள். 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆகியிருந்தது. ‘கம்பி சற்று மெலிந்துள்ளது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று யாரும் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் சுமையைத் தாங்குவது குறுக்குவெட்டுப் பரப்பு. அது விட்டத்தின் வர்க்கத்தோடு குறைவதால், இழப்பு ஏறத்தாழ 30 சதவீதம். அறிக்கை அந்தச் சதவீதத்தைத் தடித்த எழுத்தில் போட்டு, ‘கம்பி தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது’ என்று நேராகச் சொல்கிறது. கூடுதல் கம்பி சேர்க்க வேண்டும் என்ற பரிந்துரையை எங்கள் உறுப்பினர்கள் எந்த வாதமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது இந்த வரியால்தான்.

அதேபோல, அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சவைக்காமல் எழுதவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஒலியலையைச் செலுத்தி வேகத்தை அளக்கும் சோதனைக்கு 1992ஆம் ஆண்டின் ஐஎஸ் 13311 நான்கு தரங்களை வகுத்தது: நொடிக்கு 4.5 கி.மீ.க்கு மேல் மிகச் சிறப்பு, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3 முதல் 3.5 வரை நடுத்தரம், அதற்கும் கீழே போனால் ஐயத்துக்குரியது. அந்த ஆவணத்தின் இடத்துக்கு 2018இல் புதியது வந்துவிட்டாலும், பழைய அறிக்கையோடு ஒப்பிடுவதற்காக இந்தப் பட்டியலையும் எங்களுக்குத் தந்தார்கள். கடைசித் தரத்துக்கு விதியை எழுதியவர்கள் ‘மோசம்’ என்று பெயரிடவில்லை. மேலும் சோதித்துப் பார் என்ற பொருள் தொனிக்கும்படி ‘ஐயத்துக்குரியது’ என்றுதான் எழுதினார்கள். கார் நிறுத்துமிடத்தில் 3 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்த ஒரு உத்தரத்தை முந்தைய நிறுவனம் ‘மிக மோசம்’ என்று மொழிபெயர்த்திருந்தது. இவர்கள் ‘ஐயத்துக்குரியது’ என்பதையே வைத்துக்கொண்டு, ஐயத்தைத் தீர்க்க அந்த உத்தரத்திலிருந்து உருளை மாதிரி ஒன்றை வெட்டியெடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். பலம் போதுமானது என்று வந்தது. ஒரு சொல்லின் மிகைக்காக உத்தரத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் போடும் செலவு எங்களுக்கு மிச்சமாயிற்று.

விரிசல்களைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மயிரிழை, கீறல், விரிசல், பிளவு என்று அகலத்துக்கேற்பப் பெயரிட்டிருப்பதோடு, முக்கியமான சிலவற்றின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டித் தேதியையும் எழுதிவைத்தார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்ந்துகொண்டிருக்கிறது. உடையாவிட்டால் அது பழைய அமிழ்வின் தழும்பு மட்டும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பொன்றின் 24 வீடுகள் கொண்ட தொகுதி இடிந்து விழுந்தது. விரிசல்களைக் கண்டு குடியிருந்தோர் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. சென்னையில் பழைய கட்டடத்தில் வாழும் எவருக்கும், சுவரிலிருக்கும் கோடு நிற்கிறதா, ஓடுகிறதா என்பது அறிந்தே தீர வேண்டிய செய்தி.

இனிக் குறைகள். அறிக்கையின் உடல் இவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்க, தொடக்கத்தில் இணைத்திருக்கும் சுருக்கப் பக்கம் மட்டும் ‘கட்டடத்தில் கடுமையான சீர்குலைவு காணப்படுகிறது’ என்று தொடங்குகிறது. உள்ளே எந்த இடத்திலும் ‘சீர்குலைவு’ என்ற சொல்லுக்கு விளக்கம் கிடையாது. ‘கடுமையான’ என்பதற்கு அளவும் கிடையாது. வங்கிக்கும் மாநகராட்சிக்கும் அனுப்பும்போது அந்தச் சுருக்கத்தை மட்டுமே படிப்பார்கள் என்பதால், இது சிறிய குறையன்று. கேட்டுக்கொண்டபின் திருத்தித் தந்தார்கள். சோதனை அட்டவணைகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தமிழ் விளக்கத்தோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க வயதான உறுப்பினர்கள் சிரமப்பட்டார்கள். புகைப்படங்கள் சிலவற்றில் அருகே அளவுகோல் வைக்காமல் எடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆய்வில் ஒப்பிட அவை உதவா. அறிக்கை சொன்ன நாளுக்குத் தாமதமாகவே வந்தது. கட்டணம், நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள் இலவசமாகச் செய்து தரும் ஆய்வோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதப் பராமரிப்புத் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. ஆனால் இலவச ஆய்வுகளில் எல்லாமே ‘உடனடியாகக் கவனிக்க வேண்டிய’ நிலையில்தான் இருக்கும் என்பதை, பழைய வீடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். வேலையை விற்க வந்தவர் எழுதும் சொல்லுக்கும், வேலையில் பங்கில்லாதவர் எழுதும் சொல்லுக்கும் எடை வேறு; அந்த வேறுபாட்டுக்குத்தான் இந்தக் கட்டணம்.

பெரிய குறை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். அவர்களுடைய வழக்கமான ஆய்வுத் தொகுப்பில் கான்கிரீட்டின் உப்பளவைச் சோதிப்பது சேரவில்லை. கடற்கரைப் பகுதிக்கு இது பொருந்தாத ஏற்பாடு. கரியமில வாயுவின் ஊடுருவலைத்தான் பினால்ப்தலீன் காட்டும், உப்பைக் காட்டாது. காற்றோடு வந்த உப்பும், கட்டும்போது கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் கம்பியை அடைந்துவிட்டால், கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும் இடத்திலேயே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் துருவும் மேலெல்லாம் பரவாமல், பல்லில் சொத்தை விழுவதைப்போல ஓரிடத்தில் குழி பறிக்கும். வெளியே கறையோ வெடிப்போ தெரியாமலேயே கம்பி அறுந்துபோகக்கூடும். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையில் கடற்பக்கத்துத் தூண் ஒன்று மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டியது. அந்த அளவில், துருப்பிடித்தல் அளந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தர விதியின் கணக்கு. தூணின் மேற்பரப்பிலோ கீறல்கூட இல்லை. பினால்ப்தலீனும் நல்ல நிறமே காட்டியது. நாங்கள் வற்புறுத்தித் தனிக் கட்டணம் கொடுத்தபின்தான் பொடி மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. உப்பு கம்பியின் ஆழத்தை எட்டிவிட்டது என்று முடிவு வந்தது. அறிக்கையின் இறுதி வடிவில் அந்தத் தூணுக்கு எதிரே ‘வெளியே தெரியாமல் அரித்துவருகிறது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பழுதுபார்ப்புத் திட்டத்தில் இப்போது முதல் வேலை அதுதான்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். இந்த அறிக்கையோடு அண்மையில் மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலைப்புள்ளி கேட்டோம். உப்பிய பரப்பு, பெயர்ந்த பரப்பு, கம்பி சேர்க்க வேண்டிய நீளம் எல்லாம் தனித்தனியே அளவோடு இருந்ததால், மூவரின் தொகையையும் வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரைப் பகுதிகளில் பழைய குடியிருப்புகளின் சங்கங்கள் இத்தகைய சேவையை அமர்த்துவதானால், உப்புச் சோதனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சொல் விளக்கப் பக்கத்தின் மாதிரியை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பட்டைகளை மீண்டும் பார்க்க வரும் வருகையைக் கட்டணத்துக்குள்ளேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வருகை வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில்.